பெரிசு பண்ணின விளக்கு

எங்கள் தெருவில் எதிர்ச்சாரியில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, முகம் முழுக்கக் கண்ணாடி பதித்த ஒரு கட்டிடத்தைக் கட்டினார்கள். மயிலாப்பூர் குளத்துக்கு நாலு தெரு தள்ளி, இரண்டு ஆட்டோ எதிரும் புதிருமாக வந்தாலே மூச்சு முட்டுகிற சந்து எங்களுடையது. அதில் இவ்வளவு கண்ணாடி யாருக்கு வேண்டும் என்று தினமும் முணுமுணுப்பேன். பகலில் வெயிலைத் திருப்பி எங்கள் கூடத்துக்குள் அடிக்கும். இரவிலோ உள்ளே ஒரு விளக்கையும் அணைக்க மாட்டார்கள். ஆளில்லாத நாற்காலிகளும் ஒரு மூலையில் தண்ணீர் கேனும் விடிய விடிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும். கரண்ட் பில் யார் கட்டுகிறார்களோ என்று என் வயிறுதான் எரியும்.

ஓய்வு பெறும்வரை நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். ஒளி என் பாடம். கருநிழல், புறநிழல், படுகோணம், எதிரொளிப்புக் கோணம், இடவல மாற்றம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ராத்திரி பஸ்ஸில் உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னலில் உன் முகம்தான் தெரியும், விளக்கை அணைத்தால்தான் ரோடு தெரியும், ஏன் சொல்லு என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். பதில் தெரியாதவர்களைவிட, தெரியாமலே தலையாட்டுகிறவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கு, வெறுமனே தலையை ஆட்டாதே என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. அப்படிப்பட்ட நான் ஒரு கண்ணாடியிடம் ஏமாறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இது நடந்த மழைக்காலத்துக்குச் சில மாதம் முன்புதான் என் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். தெற்கே இருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். பிறந்து வளர்ந்தது முழுக்க தி.நகர் என்றாலும், அவள் பேச்சில் திருநெல்வேலி அங்கங்கே எட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டுப் பேச்சோ வேறு தினுசு. ஆத்துல, வந்துண்டு, போயிண்டு என்று என் மகன் இருபத்துநாலு மணி நேரமும் பேச மாட்டான். நானும் என் கணவரும் பேசுவோம். அதனால் என்ன, தமிழ்தானே என்று நான் நினைத்தேன்.

மருமகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. சொன்னால் தட்ட மாட்டாள். நான் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், "சரி அத்தை". பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு முகம் சுண்டியது. என் கணவர் பூஜைக்கு உடுத்துகிற வேஷ்டியைக் கொடியிலிருந்து எடுக்கும்போது, "அதை மடியா வை" என்று சொன்னேன். ஜவுளிக்கடையில் புதுத் துணியை வைக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாக மடித்து, எங்கள் துணிகளோடு பீரோவில் அடுக்கிவிட்டாள். நனைத்து உலர்த்தி, யாரும் தொடாமல் தனியாக இருக்க வேண்டிய வேஷ்டி அது. இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி நனைத்துப் போட்டேன்.

என் கணவருக்கு அப்போது ஒரு கண்ணில் புரை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி. இன்னொரு கண்ணில் இன்னும் புரை இருந்தது. அதில் அவருக்கு உலகமே பால் கலந்த தண்ணீர்தான். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், குனியக் கூடாது, இருட்டில் தனியாக நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அன்று மத்தியானத்திலிருந்து மழை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போனது. தெருவே மசியில் முக்கியெடுத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கூடத்தில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவாமி அலமாரியில் மருமகள் ஏற்றிய காமாட்சி விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அவள் அலமாரிக்குக் கிட்டே போனபோது அவள் நிழல் சுவர் ஏறி, உத்தரத்தைத் தாண்டி, பாதிக் கூடத்தை மூடியது. வெளிச்சத்துக்குக் கிட்டே போகப் போக நிழல் பெருக்கும் என்று நான் பழக்கதோஷத்தில் பாடம் எடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சொட்டு மருந்துப் புட்டி காலி. என் கணவர் சாப்பிட்டுவிட்டு உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மாட வீதியில் இருக்கிற மருந்துக்கடையில் இன்வெர்ட்டர் உண்டு, திறந்திருக்கும். ஆனால் தெருவின் நடுவே குழாய் போடத் தோண்டி, தட்டி வைத்து, அப்படியே விட்டிருந்தார்கள். இருட்டில் நான் தனியாகப் போனால் பள்ளத்தில்தான் கிடப்பேன். மருமகளைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம்.

கரண்ட் இல்லாததால் லிஃப்ட் இல்லை. எங்களுடையது மூன்றாம் மாடி, என் முட்டிக்கு ஒவ்வொரு படியும் ஒரு வேண்டுதல். அதனால் நான் முதலில் இறங்க ஆரம்பித்தேன். பாதிப் படியில் நின்று மேலே பார்த்துச் சொன்னேன்.

"விளக்கைப் பெரிசு பண்ணிட்டு, கதவை வெளியில பூட்டிண்டு வந்துடு."

"சரி அத்தை."

கதவைப் பூட்டச் சொன்னது, அவர் எழுந்து எங்களைத் தேடிக்கொண்டு படியில் இறங்கிவிடப் போகிறாரே என்கிற பயத்தில். கண் தெரியாத மனுஷரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறோம்.

மாட வீதியில் மழை விட்டிருந்தது. தேங்கிய தண்ணீரில் வண்டிகளின் விளக்கு விழுந்து நீள நீளமாக ஆடியது. எது ரோடு, எது குட்டை என்றே தெரியவில்லை. மருமகள் என் முழங்கையைப் பிடித்தபடி போன் டார்ச்சை என் கால் முன்னாலேயே காட்டிக்கொண்டு வந்தாள். கடையில் கூட்டம். மெழுகுவத்தியும் கொசுவத்தியும் வாங்க வந்தவர்களெல்லாம் அந்த ஒரே வெளிச்சமான கடையில் மொய்த்திருந்தார்கள். மருந்து கைக்கு வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நாலைந்து பேர் எங்கள் கட்டிடத்தை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று நானும் பார்த்தேன். எதிர்க் கண்ணாடிக் கட்டிடத்தின் முதல் மாடியில் தீ.

நன்றாக உள்ளே தள்ளி எரிந்தது. ஒரு கதவின் உயரத்துக்கு எழும்பி, சட்டென்று குறைந்து, மறுபடி எழும்பியது. புகை கூரையில் உருண்டது தெரிந்தது. நின்றவர்களில் ஒரு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா நின்னு பாத்துக்கினு கீற, கண்ணாடி வெடிச்சா தலை மேல வுழும், தள்ளிப் போ" என்றார். யாரோ தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? திருப்தி. நான் அப்போதே சொன்னேனே என்கிற திருப்தி. விடிய விடிய விளக்கை எரியவிட்டால் ஒயர் தாங்குமா? உள்ளே ஆள் யாரும் இருக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில், மருமகளிடம் அதை வாய்விட்டும் சொன்னேன். பொறுப்பில்லாத ஜனங்கள், இவர்கள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். என் முழங்கையைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

"அத்தே," என்றாள். "அங்க கொடியில கெடக்கது என் சுங்குடிச் சேலைலா."

எனக்குப் புரியவில்லை. அவள் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தேன். தீக்கு முன்னால், கம்பிக்கு உட்புறம், ஒரு கொடி. அதில் ஒரு சேலை. பின்னாலிருந்து அடித்த வெளிச்சத்தில் அதன் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. காலையில் மழைக்குப் பயந்து பால்கனியில் நானே உலர்த்திய சேலை அது. ஆபீஸ் கட்டிடத்தில் கொடி ஏது? சேலை ஏது?

கரண்ட் போனதில் எதிர்க் கட்டிடம் முதல் தடவையாக உள்ளே இருட்டாகியிருந்தது. உள்ளே இருட்டானால் ஜன்னல், ஜன்னல் இல்லை, முகம் பார்க்கிற கண்ணாடி. என் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய பாடம் இரண்டு மாடி உயரத்துக்கு என் கண் முன்னால் நிற்கிறது, நான் அதன் முன்னால் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் எங்கள் கட்டிடத்தின் அடியிலேயே ஒட்டி நின்றதால், தலைக்கு நேர் மேலே இருந்த எங்கள் பால்கனி யாருக்கும் தெரியவில்லை. தோண்டிப் போட்ட மண்மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் மாடி. எங்கள் கூடம். கதவுத் திரை எரிந்துகொண்டிருந்தது.

அதற்குள் அவள் போய்விட்டாள். சாவியும் அவளிடம், டார்ச்சும் அவளிடம். செருப்பு இரண்டும் மண்ணில் கிடந்தன.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டோக்காரரும் இன்னொருவரும் என்னைத் தாண்டிப் படியில் ஓடினார்கள். நான் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினேன். மேலே அவளுடைய டார்ச் ஒவ்வொரு திருப்பத்திலும் வெட்டியது. கைப்பிடிக் கம்பிகளின் நிழல் பெரிய பெரிய பட்டைகளாக என் மேல் விழுந்து, சுழன்று, போயிற்று. பிறகு முழு இருட்டு. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் எனக்கு வழக்கமில்லை. "ஏன்னா, ஏன்னா" என்று மூன்று மாடிக்கும் கதறிக்கொண்டே ஏறினேன்.

நான் வாசலுக்குப் போனபோது தீ அடங்கியிருந்தது. திரையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்திருந்தார்கள். மருமகள் அந்தச் சுங்குடிச் சேலையைக் குளியலறை வாளியில் முக்கி, சுவாமி அலமாரி மேல் அறைந்து அறைந்து போட்டுக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் புகை வெள்ளையாக நின்றது. நடுக்கூடத்தில், நாற்காலியில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் தலை, முகம், கை, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தால் கூடம் பளிச்சென்று இருந்ததாம். சரி, கரண்ட் வந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று தானே எழுந்து வந்து, வெளிச்சத்தைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்.

"இவ்ளோ பிரகாசமாத் தெரியறதே, ஆபரேஷன் நன்னாப் பலிச்சுடுத்துன்னு சந்தோஷப்பட்டுண்டு இருந்தேன்," என்றார். "புகை வந்தது. நீ சாம்பிராணி போட்டிருக்கேன்னு நெனைச்சேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் மருந்துக்கடையில் நின்றிருந்தால், தீ அந்த நாற்காலியைத் தேடி வந்திருக்கும். அவர் அதை வரவேற்றிருப்பார்.

தீயணைப்பு வண்டி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு ஆட்கள் போன பிறகு, நான் வாயைத் திறந்தேன். பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வரும், அது என் சுபாவம். டார்ச்சை அலமாரிமேல் அடித்துப் பார்த்தேன். விளக்கில் எண்ணெய் விளிம்பு வரை இருந்தது. திரி முழ நீளத்துக்கு வெளியே இழுத்துவிடப்பட்டுக் கருகிக் கிடந்தது. காற்றில் திரைச்சீலை அதன் மேல் பறக்காமல் என்ன செய்யும்?

"விளக்கைப் பெரிசு பண்ணிட்டு வான்னுதானே சொன்னேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அவள் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் கரி. "பண்ணினேனே அத்தே. எண்ணெய் ஊத்தி, திரியை நல்லா தூண்டிவிட்டு, பெரிசா பண்ணிட்டுத்தானே வந்தேன். மாமா இருட்டுல தனியா இருக்காங்கல்லா, அதான் சொல்லுதீங்கன்னு நெனைச்சேன்."

நான் டார்ச்சைத் தாழ்த்தினேன்.

சுவாமி விளக்கை "அணை" என்று சொல்லக் கூடாது. அது அமங்கலம். சில வீடுகளில் குளிர வை என்பார்கள், சிலர் மலையேற்று என்பார்கள். எங்கள் வீட்டில் பெரிசு பண்ணு. எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து பெரிசு பண்ணு என்றால் அணைத்துவிடு என்றுதான் அர்த்தம். அதற்கு நேர் எதிரான ஓர் அர்த்தம் அந்த வார்த்தைக்குள்ளேயே பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருக்கிறது என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. அர்த்தத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்க வீட்டில் குளிர வைன்னுதான் சொல்லுவாங்க என்றாள். அப்போதுதான் அவள் முன்னங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன்.

கையைக் குழாயடியில் பிடித்து நிறுத்தினேன். தண்ணீர் விழ விழ அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். எனக்கு ஆறவில்லை. சந்தேகமாக இருந்தால் கேட்டிருக்கக் கூடாதா, போகிற நேரத்தில் எதற்கு விளக்கைப் பெரிதாக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். என் வகுப்புக் குரல் எனக்கே கேட்டது.

அவள் குழாயைப் பார்த்தபடியே சொன்னாள். "வந்த நாள்லேருந்து நீங்க சொல்லுததுல பாதி எனக்குப் புரியாது அத்தே. கேட்டா, இவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லைன்னு உங்களுக்குத் தோணிருமோன்னு பயம். அதான் தலையாட்டிருவேன்."

அந்த நேரம் கரண்ட் வந்தது. வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தன. பால்கனிக்கு வெளியே எதிர்க் கட்டிடமும் பளிச்சென்று எரிந்தது. எங்கள் வீடு அந்தக் கண்ணாடியிலிருந்து போய், பழையபடி நாற்காலிகளும் தண்ணீர் கேனும் வந்து உட்கார்ந்தன. கூடத்திலிருந்து என் கணவர், "இது நிஜக் கரண்டா, இதுவும் நெருப்பா?" என்று கேட்டார். ஒரு வகுப்பில் நாற்பது தலைகள் ஆடினால், எந்தத் தலை புரிந்து ஆடுகிறது, எந்தத் தலை பயந்து ஆடுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள் நான். என் வீட்டில் ஒரே ஒரு தலை. நான் அதைப் பணிவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மறுநாள் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடித் தீ ஏன் எதிர்ப்பக்கம் முதல் மாடியில் தெரிந்தது என்று. கீழே நின்று பார்க்கிறவளுக்கு அப்படித்தான் தெரியும்; கணக்கு சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மகன் வந்து, கருகின அலமாரியைப் பார்த்து, என்னம்மா நடந்தது என்று கேட்டபோது காற்று என்று மட்டும் சொன்னேன்.

அவள் கைக் கட்டு அவிழ்க்கிற வரைக்கும் நான்தான் விளக்கேற்றினேன். அவிழ்த்த அன்று சாயங்காலம் அவளே ஏற்றினாள். பால்கனிக் கதவுக்குத் திரை இல்லை, இனிப் போடுவதாகவும் இல்லை. எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் விளக்கை வைத்திருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அவள் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள். எனக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் தலை ஆடுவதற்குத் தயாராகவே இருந்தது. நான் என்ன சொன்னாலும் ஆடும்.

"விளக்கை அணைச்சுடும்மா," என்றேன்.

அந்த வார்த்தை ஒரு சுவாமி விளக்கைப் பார்த்து என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. கூடத்தில் என் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மருமகளும் சுவாமி படத்தை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். அணைச்சுடு. வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை.

அவள் ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துச் சுடரை ஒற்றினாள். சுவரில் பெரிதாக நின்றிருந்த அவள் நிழல் காணாமல் போனது. உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தே, மடின்னா என்ன?"